ஃப்ரீ சைஸ் சுதந்திரம்

ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டிகளில் ‘ஃப்ரீ சைஸ்’ என்று ஒன்று உண்டு. எல்லாருக்கும் சேரும் என்று சொல்லித்தான் விற்பார்கள். போட்டுப் பார்த்தால் ஒருத்திக்குத் தோளில் தொங்கும், இன்னொருத்திக்குக் கையில் பிடிக்கும். அரசியல்வாதிகள் விற்கிற சுதந்திரத் தத்துவமும் அதே சரக்குதான். “அரசாங்கமே, போலீஸையும் கோர்ட்டையும் பார்த்துக்கொள், மற்றதில் மூக்கை நுழைக்காதே” என்று முழங்கும் லிபர்டேரியன் கட்சி அமெரிக்காவில் பிறந்தது 1971-இல். நாம் பன்னிரண்டு வருஷம் முந்திக்கொண்டோம். 1959-இல் சென்னையில் சுதந்திராக் கட்சியை ராஜாஜி அறிவித்துவிட்டார்.

அப்போது அவருக்கு வயது 80. சென்னை மாகாணப் பிரதமர், கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை மந்திரி, முதலமைச்சர் என்று இருந்த நாற்காலி எல்லாவற்றிலும் உட்கார்ந்து எழுந்தபிறகு, நாற்காலிக்கு இவ்வளவு அதிகாரம் ஆகாது என்று கண்டுபிடித்தார். நேரு ஆட்சிக்கு ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று பெயர் வைத்தார். பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது.

பெயர் வைத்தவரின் பழைய கணக்கைப் புரட்டினால்தான் வேடிக்கை. 1937-இல் மாகாணப் பிரதமரானதும் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார். குடிக்கிறவனுக்குச் சுதந்திரம் போச்சு. கள்ளு வருமானம் போனதால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார்; பொது விற்பனை வரி இந்தியாவில் தலைகாட்டியது அப்போதுதான். குடிக்காதவனுக்கும் சுதந்திரம் போச்சு. நடுவில் 1938-இல் பள்ளிக்கூடத்தில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஜெயிலுக்கு அனுப்பினார். இன்றைக்கு ஜி.எஸ்.டி. கட்டும் நைட்டிக் கம்பெனிக்காரர், அந்த வரியின் தாத்தா யார் என்று கேட்டால் அசந்துபோவார். சந்தைச் சுதந்திரத்தின் தாத்தாவும் அவரேதான்.

அடுத்த காட்சிக்கு நம்ம பக்கத்து ஆள் வேண்டியிருந்தது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முதலமைச்சராக இருந்த ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். கம்யூனிஸ்டுகள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் ராஜாஜியைக் கூட்டிவந்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் நியமனத்தில் மேல்சபைக்குள் நுழைந்து, யாரிடமும் ஓட்டுக் கேட்காமல் முதலமைச்சரானார். ராஜா தோற்றார், ராஜாஜி வந்தார். ஒரு ‘ஜி’தான் கூடுதல் செலவு.

வந்தவர் ஜூனிலேயே உணவுக் கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்தார். ரேஷனையும் நெல் கொள்முதலையும் கட்டிக்கொண்டு அழுத அதிகாரிகளுக்கு மயக்கம் வராத குறை. பஞ்சம் வரும் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அரிசி கடைக்கு வந்தது. அவர் வாழ்க்கையில் சுத்தமான சந்தைக்காரராக நடந்துகொண்ட பெரிய காரியம் இது. அப்போது சுதந்திராக் கட்சியும் இல்லை, அதன் கொள்கை அறிக்கையும் இல்லை.

அந்தச் சுத்தம் நீடிக்கவில்லை. அதே ஆட்சியில் வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும், மில்கள் நெய்யக்கூடாது என்று டெல்லியிடம் மல்லுக்கு நின்றார். நெசவாளிக்கு நல்லதுதான், ஆனால் அதற்குப் பெயர் கோட்டா. 1953-இல் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றார். தறிக்காரர் மகன் என்ன ஆகவேண்டும் என்பதையும் கோட்டையே முடிவு செய்தது. ஊர் கொதித்தது, 1954-இல் நாற்காலி காமராஜரிடம் போனது.

பிறகு ஆரம்பித்த கட்சிக்குள் ஜெய்ப்பூர் மகாராணி முதல் ராம்கர் ராஜா வரை வந்து சேர்ந்தார்கள். 1970-இல் இந்திரா காந்தி மன்னர் மானியத்தை நிறுத்த முனைந்தபோது, அரசாங்கச் செலவைக் குறை என்று கத்திய கட்சி எதிர்த்து நின்றது. கொடுத்த வாக்கை மீறலாமா என்பது வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. வாக்கு கொடுக்கப்பட்டவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் இடித்தது.

1967-இல் இன்னும் கூத்து. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வோடு, அரிசி விலையில் அரசு தலையிடாதே என்ற கட்சி கூட்டணி வைத்து, சட்டசபையில் 20 இடம் பிடித்தது. லைசென்ஸ் இல்லாமல் ஒரு சரவெடிகூடச் சுற்றமுடியாத சிவகாசி, லைசென்ஸ் ராஜ்யத்தை ஒழிக்க வந்த கட்சிக்காரரை எம்.பி.யாக்கி அனுப்பியது.

அப்படியானால் ராஜாஜிக்குத் தன் தத்துவம் புரியவில்லையா? நன்றாகவே புரிந்தது. 1991-இல் லைசென்ஸ் பிடியைத் தளர்த்தி டெல்லி அவர் சொன்ன வழிக்கே வந்தது. ஆனால் அவர் சுதந்திரம் கொடுத்தது விற்கிறவனுக்கு. குடிக்கிறவன், படிக்கிறவன், வேறு தொழிலுக்குப் போக நினைக்கிறவன் மட்டும் பெரியவர் சொன்னபடி நடக்கவேண்டும். தனக்குப் பிடிக்காததைச் செய்ய அடுத்தவனை விடுவதுதான் அந்தத் தத்துவத்தில் கஷ்டமான பாடம். ஆட்சிக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் ஒட்டிவைத்துவிடுகிறார்கள்.

1971-இல் 92 வயதில், முதலமைச்சர் கருணாநிதி வீட்டுக்கு நேரில் போய் மதுவிலக்கை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். 2003-இல் சில்லறை மது வியாபாரம் முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. அவர் கேட்ட மதுவிலக்கும் இல்லை, அவர் பேசிய தனியார் வியாபாரமும் இல்லை. அரசாங்கமே கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறது, அவர் கண்டுபிடித்த வரியையும் சேர்த்து.