மின்வெட்டு நேரத்துத் தோடி

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் காலையில் விசைத்தறி ஓட ஆரம்பித்துவிட்டால், பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. 52 வயதில் நான் மறுபடி நாதஸ்வரம் எடுக்கத் துணிந்தது அந்தத் தறிகளை நம்பித்தான்.

சிறுவயதில் திருச்சுழியில் தாய்மாமாவிடம் மூன்று வருடம் சாதகம். வீட்டில் ஊதினால் பாட்டி விரட்டுவாள். குண்டாற்று மணலில் போய் உட்காருவேன். தண்ணீர் வந்து என்னை எழுப்பிய ஞாபகமே இல்லை. ஆடுகள்தாம் எழுந்து போகும். பிறகு வேலை, கல்யாணம், கடன். மாமாவின் வாத்தியம் பரணில் கிடந்து வெடித்துப்போயிற்று.

புதிது வாங்க நரசிங்கம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். 2022இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பச்சை மரம் அங்கே ஆகாது. பழைய வீடுகளில் உத்தரமாகக் கிடந்து காய்ந்த ஆச்சா மரம்தான் கடைசலுக்கு ஏறும். காய்ந்ததுதான் தகுதி என்றால், எங்கள் ஊர் வெயிலில் 52 வருடம் காய்ந்த என்னையே கடையலாம்.

“திமிரியா, பாரியா?” என்றார் ஆசாரி.

திமிரி குட்டை, சுருதி உச்சம். மைக் இல்லாத காலத்தில் ஊர்க்கோடி வரை கேட்டாக வேண்டுமே! பாரி நீளம், சுருதி இறக்கம், நாதத்தில் ஒரு குழைவு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) அந்த ஊர் ரங்கநாத ஆசாரி வடித்துக் கொடுத்தது. பிள்ளைவாள் பெயரைக் கேட்டதும் பாரியைத் தூக்கினேன். துளைக்குத் துளை, திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் உள்ள தூரம். மொத்தம் 12 வேறு.

“பயப்படாதீங்க சார். விரலுக்கு ஏழுதான். மீதி அஞ்சும் சுருதிக்கு.”

அந்த ஏழுக்கே விரல் எட்டவில்லை. திமிரியை வாங்கி ஊதினேன். கண் பிதுங்கியது, சத்தம் வரவில்லை. ஆசாரி சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

“பாரியே எடுத்துக்குங்க. விரல் பழகிடும். மூச்சு இனிமே வளராது.”

அடுத்த வில்லங்கம், வாயில் வைத்து ஊதும் சீவாளி. எச்சிலில் ஊறினால்தான் அது பேசும். சித்திரை மாத அருப்புக்கோட்டையில் வாயில் எச்சில் ஏது? சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன்.

“குழாயில தண்ணி வர்றதே அபூர்வம். நீங்க குழாய்க்குத் தண்ணி ஊத்துறீங்க” என்றாள் மனைவி.

தறிச் சத்தத்தின் மறைவில் இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் தைரியமாகத் தோடியை இழுத்தேன். பாதியில் கரண்ட் போனது. தெருவே அடங்கிவிட்டது, ஊரில் கேட்டது நான் மட்டும்தான்.

எதிர்வீட்டுத் திண்ணையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தார்.

“ஏப்பா, யார் வீட்டுல கல்யாணம்?”

நாதஸ்வரம் என்று கண்டுபிடித்துவிட்டாரே!