கோசுமல்லி, வெறும் 5 நிமிடம்!

சித்திரை வெயில் தொடங்கியதும் அடுப்பில்லாச் சமையல் நிபுணர்கள் கிளம்பிவிடுகிறார்கள். கோசுமல்லி, வெறும் 5 நிமிடம் என்கிறார்கள். பாசிப்பருப்பு அதற்கு முன்பே ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறிக்கிடந்தது கணக்கில் வராது. வெள்ளரியும் மாங்காயும் தாமாகவே பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டு கிண்ணத்தில் வந்து உட்காரும். தேங்காய் தன்னைத்தானே உடைத்துத் துருவிக்கொள்ளும். வீடியோவில் அப்படித்தான் நடக்கிறது. கடைசியில் ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளிக்கச் சொல்வார்கள். அது எந்த அடுப்பில் என்று மட்டும் கேட்கக் கூடாது. (தாளிக்காவிட்டாலும் ருசி கெடாது, கடுகுக்குத்தான் கோபம் வரும்.)

ராமநவமிக்கு வடைப்பருப்பு, பானகம், நீர்மோர் என்று அடுப்பைத் தொடாமலே செய்துவைத்த பாட்டிகள் இதையெல்லாம் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொண்டதில்லை.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை: அடுப்படிச் சூடு தாங்கவில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. அரிவாள்மணை சுடாது. உப்பை மட்டும் பரிமாறும்போது போடுங்கள். முன்னாலேயே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டு, கோசுமல்லி ரசமாகிவிடும்.