புறப்படவிருப்பவர்

பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிளில் எல்லை கடந்து பல நாடுகளுக்குச் செல்லப்போவதாக உற்றார் உறவினரிடம் அறிவித்துவிட்டு, அவ்வண்டியை அதற்கென ஆயத்தம் செய்வதையே முழுநேரப் பணியாக ஏற்றுக்கொண்டவரைப் ‘புறப்படவிருப்பவர்’ என்ற பெயரால் குறிக்கலாம். நாற்பது வயதைக் கடந்தவராக இருப்பதும், மாதச் சம்பளக்காரராக இருப்பதும், வீட்டில் கார் நிறுத்தக் கட்டிய இடத்தில் கார் நுழைய முடியாதபடி செய்துவைத்திருப்பதும் இவ்வகையினரின் பொது இலக்கணம். ஊர்சுற்றியிடமிருந்து இவரைப் பிரித்தறிவது கடினமன்று: ஊர்சுற்றியின் வண்டியில் சேறு இருக்கும், இவருடைய வண்டியில் சேறு படாதிருக்க நீட்டிக்கப்பட்ட மட்கார்டு இருக்கும்.

சென்னையில் இவர் கைக்கொள்ளும் வண்டி பெரும்பாலும் 1985 முதல் 1996 வரை இந்தியாவில் உற்பத்தியான யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகும். 98 சிசி கொள்ளளவும் 11 குதிரைத்திறனும் கொண்ட அதன் எஞ்சின் டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. அதாவது, பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் எரிதல் சுற்று ஒன்று முடிந்துவிடும், உராய்வைத் தணிக்கும் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிந்து புகையாக வெளியேறும். பாகங்கள் குறைவு என்பதால் கழற்றிப் பூட்டுவது எளிது என்பது இவ்வண்டியின் பெரும் சிறப்பு. இவரிடம் வந்து சேர்ந்தபின் அதுவே அதன் தலைவிதியாகவும் ஆகிவிடுகிறது, ஏனெனில் எளிதாகக் கழற்ற முடிகிற எதையும் கழற்றாமல் விட்டுவைக்க இவரால் இயலாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், ‘உள்ளே எப்படி இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துவிடலாம்’ என்ற ஒற்றை வாக்கியத்தால் செய்தித்தாள் விரிப்புக்கு வந்து, பிறகு உரிய பாகம் கிடைக்கும்வரை அங்கேயே தங்கிவிடும். அந்தப் பாகத்தைத் தேடிப் பழைய வண்டிகளின் உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு இவர் செல்லும்போது, ‘ஜப்பான் பீஸுண்ணா, இனிமே கிடைக்காது’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பித் தேவையானதை ஒன்றும் தேவைப்படாததை மூன்றும் வாங்கித் திரும்புகிறார்.

இவரை விவரம் அறியாதவர் என்று சொல்வது பெரும் பிழை. பழைய கிளச் கேபிளை ஒட்டியே புதிய கேபிள் ஒன்றையும் முன்கூட்டியே ஓடவிட்டு, அதன் இரு முனைகளையும் தூசு புகாதபடி டேப்பால் சுற்றி வைத்தால், நடுவழியில் பழையது அறுந்தாலும் டேங்க்கைக் கழற்றாமல் முனைகளை மாற்றி மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது இவருக்குத் தெரியும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும், மாற்றிப் பூட்டினால் எதிலேனும் உரசிக் கழன்றுவிடக்கூடும் என்பதும் தெரியும். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுடைய சிறு திருகாகிய மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்ற வேண்டும் என்ற நுட்பமும் இவருக்கு மனப்பாடம். கடல் மட்டம் முதல் 5,000 மீட்டர் வரைக்குமான ஜெட்டுகள் பெயர்ச்சீட்டு ஒட்டிய குங்குமச் சிமிழ்களில் வரிசையாக இருக்கின்றன. அவ்வண்டி இதுவரை ஏறிய ஆக உயர்ந்த இடம் கத்திப்பாரா மேம்பாலம்.

எடை குறித்த இவருடைய கொள்கை தனியாக ஆராயத்தக்கது. நூறு கிலோ அளவிலான சிறு வண்டி அதிகச் சுமை தாங்காது என்பதால், பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துச் சில கிராம்களை மிச்சப்படுத்துபவர், அந்த மிச்சத்தை நம்பி உபரியாகச் சிலிண்டர், பிஸ்டன், இரண்டு ஜோடி ரிங்குகள், மேக்னெட் கழற்றும் புல்லர் ஆகியவற்றைப் பெட்டியில் வைக்கிறார். மனைவி எடுத்துவைத்த இரண்டாவது போர்வையை மட்டும், எடை கூடிவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

வண்டி முடிந்தாலும் காகிதம் முடிவதில்லை. பதினைந்து ஆண்டு கடந்த இருசக்கர வாகனத்தின் ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. புதுப்பிக்கப் போனால் அது இன்னமும் முதல் உரிமையாளரான திருப்பூர்ப் பெரியப்பாவின் பெயரிலேயே இருப்பது தெரியவருகிறது. சேஸ் எண்ணின் மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும்போது, ஆர்வத்தில் தாமே பூசிய புதுப் பெயிண்டின் அடியில் கடைசி இரண்டு இலக்கங்கள் புதைந்திருப்பதும் அப்போதுதான் தெரிகிறது. அடுத்து வருவது கார்னே. ஒரு நாட்டுக்குள் கொண்டுசெல்லும் வண்டியை அங்கே விற்றுவிடாமல் வெளியே கொண்டுவந்துவிடுவோம் என்பதற்கு மோட்டார் சங்கம் அளிக்கும் இந்த உத்தரவாதப் புத்தகத்தில், நுழையும்போது ஒரு சீட்டும் வெளியேறும்போது ஒரு சீட்டும் கிழிக்கப்பட்டு அடிச்சீட்டில் முத்திரை விழும். ஈரான் போன்ற நாடுகளுக்கு இதில்லாமல் வண்டியோடு போக முடியாது. இதற்கான பிணைத்தொகை வண்டியின் மதிப்பைப் பொறுத்தது என்பதால், முப்பது ஆண்டுப் பழைய வண்டிக்கு நியாயமான குறைந்த விலையை எழுதினாலே போதும். ஆனால் தம் ஆர்எக்ஸ் 100க்குப் போய் அப்படியொரு விலையைத் தம் கையாலேயே எழுத இவருக்கு மனம் வருவதில்லை. விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டம் மட்டும் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. கார்னேக்கு ஓராண்டு, சர்வதேச ஓட்டுநர் உரிமத்துக்கு ஓராண்டு, விசாக்களுக்கு அதனினும் குறைவு என்று செல்லுபடிக் காலங்கள் ஓடிக்கொண்டிருப்பதால், ஒன்று கைக்கு வரும்போது மற்றொன்று காலாவதியாகியிருக்கும். நாட்டைக் குறிக்கும் ‘ஐஎன்டி’ ஸ்டிக்கர் ஒன்றே காலாவதியாகாதது; அதை இவர் முதல் நாளே ஒட்டிவிட்டார்.

1973இல் டிரையம்ஃப் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு நான்காண்டுகள் உலகைச் சுற்றிய ஆங்கிலப் பத்திரிகையாளர் டெட் சைமனை இவர் குலதெய்வமாகக் கொள்கிறார். சைமன் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றதே பயணத்தை முடிவு செய்த பிறகுதான் என்ற செய்தியை மட்டும் எவரேனும் எடுத்துக்காட்டினால், பேச்சை ஸ்போக் இறுக்கத்தின் பக்கம் திருப்பிவிடுவார்.

இவரால் ஊருக்குப் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன், நேபாளத்துக்கு இந்திய வண்டி போக கார்னே வேண்டாம், எல்லையில் பன்சார் எனப்படும் நாள் கட்டண அனுமதி போதும் என்பதை இவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்பாவின் பழைய ஸ்பிளெண்டரில் நைலான் கயிற்றால் பையைக் கட்டி, மறுவாரமே கிளம்பிவிட்டான். வைணவர்கள் சாளக்கிராமம் என்று போற்றும் முக்திநாத்திலிருந்து, பனிமலை பின்னே நிற்க வண்டியோடு எடுத்த படத்தை முதலில் இவருக்குத்தான் அனுப்பினான். இவர் அந்தப் படத்தை இரு விரலால் பெரிதாக்கி, மலையையும் பையனையும் திரைக்கு வெளியே தள்ளி, பின் சக்கரத்தை நடுவில் நிறுத்திச் சற்று நேரம் ஆராய்ந்துவிட்டுப் பதில் அனுப்பினார்: ‘தம்பி, செயின் லூஸா இருக்கு. உடனே பாரு.’