பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு: பாலை நிறுத்தச் சில எளிய வழிகள்

பிரசவமான வீட்டுக்குப் போனதும் தொட்டில் பக்கம் போய் நில்லுங்கள். பிள்ளை எப்படியும் அழும். அந்த நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, பால் பத்தலையோ?" என்று கேளுங்கள். தையல் வலியும் தூக்கக்கேடுமாய்க் கிடக்கும் பச்சை உடம்புக்காரிக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

முதல் இரண்டு நாளைத் தவறவிடக் கூடாது. அப்போது சுரப்பது சீம்பால்; மஞ்சளாய், பிசுபிசுவென்று, கொஞ்சமாய்த்தான் வரும். பிறந்த அன்று வேளைக்கு ஒரு தேக்கரண்டியே போதும், நோய் எதிர்ப்புச் சக்தி அதில் அதிகம் என்பார் செவிலியர். "அது கெட்ட பால், பீச்சிக் கொட்டிடு" என்று சொல்லிவிட்டு, நீங்கள் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள்.

பிறகு பால் பவுடர் டின். தாய்ப்பாலே சிறந்தது என்று டின்னிலேயே அச்சடிக்க வேண்டும் என்கிறது 1992-ஆம் வருடச் சட்டம். கொடுக்கும்போது அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டால் தீர்ந்தது. "ராத்திரிக்கு மட்டும் புட்டியில குடு, நீயும் கொஞ்சம் தூங்கு" என்று கரிசனமாகச் சொல்லுங்கள். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். ராத்திரிப் பாலை நிறுத்தினால், நீங்கள் வாய்க்கு வந்தபடி சொன்ன "பத்தல" கொஞ்ச நாளில் நிஜமாகிவிடும். உங்கள் கைராசி அப்படி!

ஓர் ஆளிடம் மட்டும் ஜாக்கிரதை. போன வருடம் பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுக்காரி. அவள் வந்தால் பால் பத்துகிறதா என்று கேட்கமாட்டாள், "நேத்துலேருந்து எத்தனை தடவ ஒண்ணுக்குப் போச்சு?" என்பாள். முதல் வாரம் முடியும்போது, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அவளுக்குத் தெரியும். ஏறாவிட்டால் டாக்டரிடம் காட்டச் சொல்லவும் தெரியும். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பிவிடுவாள். வாயை நன்றாகத் திறக்கும் வரை காத்திருந்து, காம்பை மட்டும் கொடுக்காமல் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி சேர்த்து அணைக்கச் சொல்வாள். அவ்வளவுதான், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளின் முகம் தெளிந்துவிடும். உங்கள் உழைப்பெல்லாம் வீண். இப்படிப்பட்டவளை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது. கிராம சுகாதார செவிலியரையும்தான்.

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015-இலிருந்து பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பச்சை உடம்புக்காரிக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பாட்டிமார்களைவிட அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு போடு போடுங்கள்.

இதெல்லாம் உங்களால் ஆகாது என்றால், அந்த வீட்டில் கிடக்கும் பாத்திரத்தைத் தேய்த்துக் கொடுத்து, மூத்த பிள்ளை இருந்தால் கடைத்தெரு வரை கூட்டிப்போய்விட்டு வாருங்கள். போகிற வழியில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியையும் ஒரு எட்டு வரச்சொல்லுங்கள்.