பில்டை உடைத்தவருக்கு அறிவிக்கும் முறைகள்: விடத்தல்தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

பல நிரலாளர்கள் ஒரே நிரலில் கைவைக்கும்போது, ஒருவர் சேர்த்த நாலு வரியால் முழுவதும் எழும்பாமல் போவதுண்டு. தொழிலில் இதை 'பில்ட் உடைஞ்சிட்டுது' என்பார்கள். உடைந்ததைக் கண்டுபிடிப்பது இலகு. ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்வர் தானே தொகுத்துப் பார்த்துவிடும். உடைத்தவருக்கு அதை எப்படிச் சொல்வது என்பதே இவ்வாய்வின் பொருள். அறிஞர்கள் இதில் கைவைக்காததற்குக் காரணம், அந்த மின்னஞ்சல்களை அவர்களும் திறப்பதில்லை என்பதாகலாம்.

2001 இல் தோட்வேர்க்ஸ் நிறுவனத்தார் தந்த குரூஸ்கன்ட்ரோல் என்ற தொகுப்பு மென்பொருள், பில்ட் உடைந்தால் மின்னஞ்சல் அனுப்பியது. 2004 இல் மைக் கிளார்க் எழுதிய நூலோ, சிவப்பும் பச்சையுமாக இரண்டு லாவா விளக்குகளை சேர்வரில் பூட்டச் சொன்னது. பில்ட் உடைந்தால் சிவப்பு எரியும். ஆனால் உள்ளேயுள்ள மெழுகு சூடாகிக் குமிழிவிடச் சற்று நேரம் செல்லும். அதற்குள் திருத்திவிட்டால் மானம் தப்பியது. இம்முறையைக் கரையோர ஊரான விடத்தல்தீவுக்குப் பரிந்துரைக்க இவ்வாய்வாளர் துணியவில்லை. இங்கத்தைய மே மாத வெயிலில் விளக்கைப் போடாமலே மெழுகு கொதிக்கும் என அஞ்சப்படுகிறது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கொசுகே கவாகுச்சி அடிக்கடி பில்டை உடைப்பவர். சக ஊழியர்கள் தேடி வருமுன் தானே அறிந்துகொள்ளவென்று அவர் எழுதிய ஹட்சன் என்ற தொகுப்பு மென்பொருள்தான் 2011 இல் ஜெங்கின்ஸ் எனப் பெயர் மாறியது. ஜெங்கின்ஸுக்கென வந்த ஒரு விளையாட்டுச் செருகியில், பில்டை உடைத்தால் பத்துப் புள்ளி கழியும். ஏற்கெனவே உடைந்து கிடப்பதை மேலும் உடைத்தால் பூச்சியம். ஆக, முதலாமவரை முந்தவிட்டுப் பின்னால் போவதே புத்தி. ஆனால் மின்னஞ்சல் செருகி அவ்வளவு தாராளமானதல்ல. கடைசியாக ஒழுங்காக ஓடிய பில்டுக்குப் பிறகு கைவைத்த எல்லாரையும் அது குற்றவாளிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகும். பட்டியல் நீள நீள, ஒவ்வொருவரும் இது மற்றவருக்கு வந்த கடிதம் என்றே எண்ணுவர். பிறகு அதற்கென ஒரு தனி ஃபோல்டர். ஃபோல்டரைத் திறப்பார் இல்லை.

ஏ-32 வீதியிலிருந்து கடற்பக்கம் திரும்பினால் வரும் விடத்தல்தீவில் இச்சிக்கல் எழ வாய்ப்பேயில்லை. ஒருவருடைய ஆடு வேலி பாய்ந்து அயல்வீட்டுக் கத்தரியில் வாய்வைத்ததென்று கொள்வோம். ஊருக்குப் பொதுவாக ஒரு கடிதமும் போகாது. கரையில் வலை தெரித்துக்கொண்டிருப்பவரிடம் முதலில் ஒரு பெடியன் ஓடிவருவான். பிறகு சைக்கிளில் ஒருவர் காலூன்றி, "அண்ணை, உங்கட ஆடெல்லோ?" என்பார். தேத்தண்ணிக் கடையில் பணம் கொடுக்கும்போது மூன்றாம் அறிவிப்பு. வீட்டில் நாலாவது, அது விரிவானது. பெறுநர் ஒருவர், அனுப்புநர் பலர். ஜெங்கின்ஸ் இதைத் தலைகீழாகச் செய்கிறது என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. இதற்காகப் பட்டம் எதுவும் கோரப்படவில்லை.

ஒன்றில் மட்டும் ஜெங்கின்ஸ் முந்துகிறது. பில்ட் திருந்தியதும் 'வழமைக்குத் திரும்பியது' என்று இன்னொரு மின்னஞ்சல் விடும். ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. ஆட்டைப் பிடித்துக் கட்டி, வேலியை அடைத்து, கத்தரிக்குக் காசும் கொடுத்து, கடைசியில் ஆட்டையே விற்றுவிட்டவரை மறித்து, "அண்ணை, ஆடு இப்ப கட்டில நிக்குதோ?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.