ஆட்சேபனை ஏதுமில்லை, ஆனால்…

சென்னைப் பெருநகரின் மனித வகைகளுள் இன்னும் உரிய ஆய்வுக்கு உட்படாதது நலச்சங்கச் செயலாளர் என்னும் வகையாகும். நலச்சங்கம் என்பது ஒரு நகரிலோ தெருவிலோ வீடு வைத்திருப்போர் ஒன்றுகூடி, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்ளும் அமைப்பு. அதன் தலைவர் குடியரசு நாளன்று கொடியேற்றுவதற்கும், பொருளாளர் சந்தா பாக்கிக்காரர்களிடம் ஏச்சு வாங்குவதற்கும் தேர்ந்தெடுக்கப்படுவதால், எஞ்சிய அனைத்தும், அதாவது சங்கம் முழுவதுமே, செயலாளர்தான். இவர் பெரும்பாலும் வங்கியிலோ தொலைபேசித் துறையிலோ முப்பத்தைந்து ஆண்டு பிறருடைய மனுக்களைக் கிடப்பில் போட்டு ஓய்வு பெற்றவராதலால், ஒரு மனு கிடப்பில் விழாதிருக்க அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை நன்கறிந்தவர்.

இவ்வகையின் முழு ஆற்றலும் வெளிப்படுவது, பக்கத்துப் புறம்போக்கில், அதாவது எவர் பெயரிலும் பட்டா இல்லாத அரசு நிலத்தில், தகர வேலி எழுந்து அதன்மேல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பலகை தொங்கும் நாளில்தான். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி 2021இல் இப்பெயர் பெற்ற இவ்வாரியம் கட்டுவது, அரசுமொழியில் ‘பொருளாதாரத்தில் நலிவுற்ற பிரிவினர்’ எனப்படும் குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடுகளை. 2015இல் தொடங்கிய பிரதமரின் வீட்டு வசதித் திட்டம் இப்பிரிவினரின் ஆண்டு வருமானத்துக்கு மூன்று லட்சம் ரூபாயையும், அவர்கள் வீட்டின் உட்பரப்புக்கு 30 சதுர மீட்டரையும் உச்சவரம்பாக வைத்தது. செயலாளர் வீட்டு மொட்டைமாடியில் பூந்தொட்டிகளும் சோலார் தகடும் போக மிஞ்சும் இடம் அதைவிடப் பெரிது. வாரியத்தின் பெயர் மாறியது அவருக்குத் தெரியாததன்று. எனினும் அவர் வாயில் அது இன்றும் ‘ஸ்லம் போர்டு’தான்.

பலகை தொங்கிய இரவே மனு தயாராகிவிடும். ஏழைகளுக்கு வீடு கட்டுவதில் எங்கள் சங்கத்துக்கு ஆட்சேபனை ஏதுமில்லை என்பது அதன் முதல் வாக்கியம். இரண்டாம் வாக்கியம் ‘ஆனால்’ என்று தொடங்கி ஏழு பக்கம் ஓடும். முதலாவது குறை போக்குவரத்து நெரிசல். தம் இரண்டு கார்களில் ஒன்றுக்கு உறை மாட்டித் தெருவிலேயே நிரந்தரமாக நிறுத்தி, எதிரில் ‘நோ பார்க்கிங்’ பலகையும் வைத்திருப்பவர் எழுதுவதால் அதில் அனுபவ முதிர்ச்சி தெரியும். நிலத்தடி நீர் வற்றிப்போகும் என்பது அடுத்தது. அதை எழுதும்போது பின்கட்டில் போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு என்ற தலைப்பின்கீழ் மட்டும் விளக்கம் எதுவும் இராது. ‘தாங்கள் அறிந்ததே’ என்ற இரண்டு சொற்களில் அது முடிந்துவிடும்.

நிலமதிப்புப் பகுதிதான் மனுவின் உயிர்நிலை. வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரப் பதிவின்போது முத்திரைத் தீர்வையைக் கணக்கிடுவதற்காக அரசு தெருவாரியாக நிர்ணயிக்கும் நிலவிலை. அடுத்த மனையை வாங்கியபோது அம்மதிப்பு அநியாயத்துக்கு அதிகம், குறைக்க வேண்டும் என்று மனு கொடுத்த செயலாளர், இப்போது அதே தெருவின் விலை அதைப்போல் மூன்று மடங்கு என்றும், அடுக்குமாடி வந்தால் அது சரிந்து நடுத்தர வர்க்கத்தின் வாழ்நாள் சேமிப்பே பறிபோகும் என்றும் எழுதுகிறார். இரண்டு மனுக்களும் ஒரே கோப்பில், ஒரே நாடாவில் கட்டுண்டு, ஒன்றையொன்று பாராமல் கிடக்கின்றன.

நகல் பெறுவோர் பட்டியல் முதல்வரின் தனிப்பிரிவில் தொடங்கி, ஆட்சியர், மாநகராட்சி ஆணையர், சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வழியாக, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை செல்லும். தீர்ப்பாயம் சேர்க்கப்படுவதற்குக் காரணம், அந்நிலம் ஒரு காலத்தில் ஏரி என்பதைச் செயலாளர் திடுமெனக் கண்டுபிடித்திருப்பதே. கண்டுபிடிப்பில் பிழையில்லை, ஆனால் இந்த ஊரில் ஏரியைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கடினமும் இல்லை. தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் எழுந்தது. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட குடியிருப்பு ஒன்றுக்கு ‘ஏரித் திட்டம்’ என்றே பெயர். செயலாளர் குடியிருப்பதும், 1961இல் அமைந்த அதே வீட்டு வசதி வாரியம் குலுக்கல் போட்டு, தவணை முறையில் அவர் தந்தையாருக்கு ஒதுக்கிய மனையில்தான். பிளாஸ்டிக் உறையிட்டு பீரோவின் உள்ளறையில் வைத்துள்ள அந்த ஒதுக்கீட்டு ஆணையில், பிரிவு என்ற இடத்துக்கு நேரே, எல்.ஐ.ஜி., அதாவது குறைந்த வருவாய்ப் பிரிவு, என்று தட்டச்சாகியிருக்கிறது. வயலும் மேய்ச்சலும் போகிறதென்று அந்நாளில் ஊரார் ஆட்சேபித்திருக்கக்கூடும். லெட்டர்பேடு இல்லாதவர்களின் ஆட்சேபனை கோப்பில் தங்குவதில்லை.

இத்தனையும் கொண்டு செயலாளரைக் கல்நெஞ்சர் எனக் கருதுவது தவறு. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணும் கொள்கையில் அவருக்கு முழு உடன்பாடு உண்டு. இறைவன் காலை ஆறு மணிக்கு வந்து பாத்திரம் தேய்த்து, கார் துடைத்து, துணிக்கு இஸ்திரி போட்டு, இருட்டுவதற்குள் தம் இருப்பிடம் திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்றே அவருடைய நிபந்தனை. ஆற்றோரக் குடும்பங்களை நகரத்தின் தென்கோடிக்குக் குடிபெயர்த்த கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் அவ்வகையில் அவருக்கு முன்மாதிரித் திட்டங்கள். அவர் மனைவியின் கருத்து வேறு. வீட்டு வேலை செய்யும் அம்மாளைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது முதல் ஒன்பது மணிக்கு முன் சமையலறை விடிவதில்லை. கேட்டால், “பஸ்ஸு ஃப்ரீதாம்மா, வந்தாத்தானே ஏற முடியும்?” என்கிறார் அவர்.

சங்கக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டு, ஏழு பக்கத்தையும் நின்றபடியே கேட்டுக்கொண்ட வாரியத்தின் உதவிப் பொறியாளர், முடிவில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “ஒதுக்கீடு இனிமேதான் சார்.” செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் அதே லெட்டர்பேடில், முந்தைய மனுவின் எண்ணுக்கு அடுத்த எண்ணிட்டு, சங்க முத்திரையுடன் ஒரு கடிதம் வாரியத்துக்குச் சென்றது. பன்னிரண்டு ஆண்டுகளாக நன்னடத்தையுடன் பணிபுரியும் பெண்மணி ஒருவருக்குத் தரைத்தளத்தில், கூடுமானால் எங்கள் தெருவை நோக்கிய வாசலுடன், ஒரு வீட்டை முன்னுரிமை அடிப்படையில் ஒதுக்குமாறும், கட்டுமானத்தில் ஏற்பட்டுள்ள காலதாமதத்தைக் களைய ஆவன செய்யுமாறும் அதில் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.