மிச்சிகன் வழக்கு

1996-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி வீரர் மைக் லெக், வலைக்குப் பின்னால் நின்றபடி பக் எனும் ரப்பர் வட்டை மட்டையில் ஏந்தித் தூக்கி, கோல்கீப்பரின் தோளருகே உள்ளே செருகினார். என்ஹெச்எல் தொழில்முறை லீக் ஆட்டமொன்றில் ஆந்த்ரே ஸ்வெச்னிகோவ் அதைச் சாதிக்க 2019 ஆயிற்று. மறு ஆண்டே வெளியான ‘என்ஹெச்எல் 21’ வீடியோ கேம், அந்த வித்தையைக் கட்டைவிரல் அசைவாகச் சுருக்கி வீட்டு சோபாவுக்குக் கொண்டுவந்தது. பிறகென்ன, பஞ்சாயத்துதான்: இது திறமையா, அழுகுணி ஆட்டமா? தீர்ப்பு பெரும்பாலும் ஸ்கோரைப் பார்த்தே வருகிறது. கோல் போட்டவருக்குப் பயிற்சியின் பலன். வாங்கியவருக்கு மென்பொருளின் ஓட்டை. அருகே சென்று இடித்தாலே பக் தவறிவிடும் என்பதை வாதிகள் குறிப்பிடுவதில்லை. ஒரே அசைவுக்குக் கணினி கோல்கீப்பர் ஒவ்வொரு முறையும் ஏமாந்தால் புகாரில் நியாயமுண்டு. புகார்தாரரும் அதற்குள் அந்த அசைவை மனப்பாடம் செய்திருப்பார்.